அச்சம் என்னும் மெய்ப்பாடும் ‘தும்பாட்’ திரைப்படமும்

யூபிலி மலர்க் குழுவினர் அடியேனிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது, தமிழாசிரியன் என்ற முறையிலே சங்கச் செய்யுள் பற்றியோ திருமுறை பற்றியோ எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ பேய்ப்படம். இதனைக் காணும் பழைய மாணவர் சிலர் நகைத்தலும் கூடும். தொல்காப்பியனார் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை முதலாவதாக நிற்பது. ஆகலின் அதற்கு யான் வருந்தேன். அதே எட்டனுள் அச்சமும் ஒன்றாக நிற்கின்றது என்பதை மாத்திரம் தொடக்கத்திலேயே நினைவூட்டி, இப்பொருளை எடுத்துக்கொள்ள நேர்ந்த காரணத்தைக் கூறுவேன்.

உயர்தர வகுப்பு மாணவர் மூவர், உட்துறைமுகத்தை அண்டிய பாழடைந்த கிட்டங்கி ஒன்றிலே, கைத்தொலைபேசியின் துணைகொண்டு பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்தனர். நள்ளிரவிலே கிட்டங்கிக்குட் செல்லும் இளைஞன் ஒருவனை வெள்ளைச் சேலை உடுத்த பேய் துரத்துவதே கதை. பேய்க்கு முகமூடி ஒன்றைக் கடையில் வாங்கியிருந்தனர். தமிழ் மன்றக் கூட்டத்திலே அதனைத் திரையிட்டபோது மண்டபம் முழுவதும் சிரித்தது. பேய் தோன்றிய இடத்திற்றான் சிரிப்பு மிகுதி. படம் எடுத்தவர்களின் முகம் வாடிற்று. மறுநாள் மூவரும் என்னிடம் வந்து, “சேர், எங்களிடம் காசு இல்லை, அதுதான் குறை” என்றனர்.

அதே கிழமையில் அவர்களுள் ஒருவனின் தாயார் பாடசாலைக்கு வந்திருந்தார். போர்க்காலத்தில் இம்மாவட்டத்திலே பல இடங்களுக்கு இடம்பெயர்ந்து, இழக்கக்கூடாதவர்களை இழந்தவர். அவர் என்னிடம் கேட்டது இது: “நாங்கள் பட்ட பயம் காணாதோ, சேர்? இனிப் படமும் எடுத்துப் பயப்பட வேணுமோ?”

மாணவர் கேட்டது பணத்தைப் பற்றிய கேள்வி. தாயார் கேட்டது பயனைப் பற்றிய கேள்வி. இரண்டிற்கும் அன்று என்னால் உடன் விடை கூற இயலவில்லை. பின்னர் ஆராய்ந்து கண்ட விடையே இக்கட்டுரை.

அச்சம் பிறக்கும் வாயில்கள்

அச்சம் நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியலிற் காணப்படும் செய்தி. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அந்நான்கு. அணங்கு என்பது கண்ணுக்குப் புலனாகாத வருத்தும் ஆற்றல்; விலங்கு என்பது காட்டிலுள்ள கொடிய உயிர்; கள்வர் என்போர் வன்முறையாற் பறிப்போர்; இறை என்பது தமக்கு மேலாய் நின்று தண்டிக்க வல்ல தலைமை. இந்நான்கனுள் பேய் முதலிய அணங்குகளுக்கு ஓரிடமே உண்டு. ஏனைய மூன்றும் நாம் வாழும் உலகைச் சார்ந்தவை. அச்சுறுத்தும் கதை ஒன்றை ஆக்க விரும்புவோர் இப்பங்கீட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பேயைப் பாடுதல் நம் புலவர்க்குப் புதியதன்று. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடலையைப் பாடினார். செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியிலே பேய்களுக்கெனவே தனிப் பகுதி வகுத்தார். ஆயின் கதை சொல்லும் திறன் நோக்கி யான் மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையே. சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே ஈமக்காட்டுக்குட் புகுகின்றான். அங்கே பேய் ஆடுதலைக் காண்கின்றான். நடுங்கி ஓடிச்சென்று தாயிடம் கூறி உயிர் விடுகின்றான். சாத்தனார் கதையை அவ்விடத்தில் நிறுத்தினாரல்லர். மகனை மடிமேற் கிடத்திய கோதமை என்னும் அத்தாய், தன்னுயிரைக் கொண்டு மகனுயிரைத் தருக எனச் சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகின்றாள். அச்சமாகத் தொடங்கியது அழுகையாக மாறுகின்றது. பேயின் ஆட்டத்தை மறந்த வாசகரும் அத்தாயை மறவார்.

இம்முறையை இக்காலத் திரைப்படத்திற் கையாண்டார் எவரேனும் உளரோ எனத் தேடியபோது எனக்குக் கிடைத்தது, 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘தும்பாட்’ என்னும் இந்திப் படம். ராஹி அனில் பர்வே நெறிப்படுத்தியது. ஆனந்த் காந்தி ஆக்க நெறியாளராகவும், அடேஷ் பிரசாத் இணை நெறியாளராகவும் பணியாற்றினர். சோஹம் ஷா அதன் தயாரிப்பாளருள் ஒருவராயும் தலைமை நடிகராயும் விளங்கினார். பம்பாய்ப் படவுலகின் வழக்கமான பாதையை விட்டு விலகி ஆக்கப்பெற்ற இப்படத்தின் வரலாறு, படத்தின் கதையைப் போலவே படிப்பினை மிக்கது.

படத்தின் கதை

தும்பாட் என்பது மராட்டிய மாநிலத்தின் கொங்கணப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். ஸ்ரீபாத் நாராயண் பெண்ட்சே எழுதிய மராத்தி நாவல் ஒன்றின் பெயரிலிருந்து படத்தின் பெயர் எடுக்கப்பட்டது. கதைக்கு வித்தாக அமைந்தவையோ நாராயண் தாரப் என்னும் மராத்தி எழுத்தாளரின் திகிற் கதைகள்.

செல்வத் தேவியின் முதற் பிள்ளை ஹஸ்தர். தேவியிடமிருந்த பொன் அனைத்தையும் அவன் கவர்ந்தான். தானியத்தையும் கவர முற்பட்டபோது ஏனைய தேவர் அவனைத் தாக்கினர். தாய் அவனைத் தன் கருப்பையுள் ஒளித்துக் காத்தாள். எவரும் அவனை வழிபடலாகாது என்பது நிபந்தனை. தும்பாட்டின் பெருங்குடி ஒன்றோ பொன்னாசையால் அவனுக்குக் கோயில் எடுத்தது. அதனாற் சினந்த தேவரின் சாபமே அவ்வூரில் ஓயாது பெய்யும் மழை. இது பழைய புராணத்திலுள்ள கதையன்று, படத்திற்கென்றே புனையப்பட்டது. எனினும் பாட்டி சொல்லக் கேட்ட கதை போன்றே தோன்றுகின்றது.

படம் 1918, 1933, 1947 என மூன்று காலப் பகுதிகளாக அமைந்துள்ளது. வறிய விதவை ஒருத்தியின் மகனாகிய விநாயக ராவ், அப்பெருமனையின் கிணற்றடியிலே ஹஸ்தர் வாழும் இடத்தை அறிகின்றான். பொன்னைப் பெற்ற ஹஸ்தருக்கு உணவு இல்லை. அவன் என்றும் பசித்தே இருக்கின்றான். மாவினாற் செய்த பாவையை அவன்முன் இட்டு, அவன் அதனை உண்ணும் கணத்திலே, அவன் அரையாடையிலிருந்து உதிரும் பொற்காசுகளைப் பறித்துக்கொண்டு கயிற்றில் ஏறித் தப்புதலே விநாயகன் கற்ற தொழில். அத்தொழிலைத் தன் மகனாகிய பாண்டுரங்கனுக்கும் பழக்குகின்றான். மகனோ தந்தையினும் ஒருபடி மேலே சென்று, காசுகளைப் பறிப்பதேன், அரையாடையையே பறித்தால் என்ன என்று கேட்கின்றான். அதன் பின் நேரும் அழிவையும், இறுதியில் அம்மகன் தன் முன் நீட்டப்பட்ட பொன்னை ஏற்க மறுத்தலையும் கண்டு முடிப்பதே படம்.

தொல்காப்பியனார் கூறிய நான்கனையும் இக்கதையிற் காணலாம். கிணற்றின் அடியில் உள்ளது அணங்கு. அது விலங்கென ஊர்ந்து பாய்கின்றது. அதனிடம் செல்வோன் கள்வன். மேலே பெருமனையில் ஏழைப் பெண்ணை அடக்கி வைத்திருப்பவன் இறை. பார்ப்போரை நடுங்கச் செய்வது இவற்றுள் எது? கிணற்றினுள் இறங்கும் தந்தை, தன் சிறு மகனையும் கைபிடித்து அதனுள் இறக்குகின்றானே, அக்காட்சியே என்னை நடுக்கியது. பசியைப் பேயாகக் காட்டியதும் நமக்குப் புதிதன்று. யானைத்தீ என்னும் அடங்காப் பசியோடு அலைந்த காயசண்டிகையை மணிமேகலையிற் கற்றிருக்கின்றோம். அவளுக்கு அமுதசுரபி கிடைத்தது. ஹஸ்தருக்கும் விநாயகனுக்கும் அவ்வாறு ஒன்றும் கிடைக்கவில்லை.

(இப்படம் சிறுவர் காண்பதற்கு உரியதன்று என்பதையும் பெற்றோர் பொருட்டு ஈண்டுக் குறிக்கின்றேன்.)

கால் நூற்றாண்டு முயற்சி

1993ஆம் ஆண்டளவிலே, பதின்ம வயதுச் சிறுவராயிருந்த பர்வே, தாரப்பின் கதை ஒன்றை நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டார். அக்கதை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1997இல், தம் 18ஆவது வயதில், திரைக்கதையின் முதல் வரைவை எழுதினார். படம் மக்கள் முன் வந்ததோ 2018 ஒக்டோபர் 12ஆம் திகதி. கதை கேட்டமைக்கும் படம் வெளிவந்தமைக்கும் இடையே 25 ஆண்டுகள்!

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவேன். 2008இல் அவர் ‘மாஞ்சா’ என்னும் குறும்படத்தை எடுத்தார். அதே ஆண்டிலே தும்பாட்டைத் தொடங்க முயன்றபோது பணம் தருவதாக இருந்தோர் பின்வாங்கினர். பின்னரும் பல நிறுவனங்கள் முன்வந்து விலகின. பணம் இல்லாத காலத்தை அவர் வறிதே கழித்தாரல்லர். 2009, 2010ஆம் ஆண்டுகளிலே படத்தின் காட்சிகள் அனைத்தையும் ஓவியங்களாக வரைந்தார். அவை ஏறத்தாழ 700 பக்கங்கள் என்பர்.

இவ்வோவிய வரைவின் பயன் யாதெனச் சிறிது விளக்குதல் தகும். படத்திலே பார்ப்போர் காண்பது ஒரு சட்டத்துள் அடங்கிய காட்சியே. அச்சட்டத்துள் எதனைக் காட்டுவது, எதனை வெளியே விடுவது, கமரா எத்துணைத் தூரத்தில் நிற்பது, ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு எக்கணத்திற் செல்வது என்பனவற்றை முன்னரே தாளில் வரைந்துகொண்டால், படப்பிடிப்புத் தளத்திற் கூலியும் காலமும் வீணாகா. வீடு கட்டுவோன் வரைபடம் இன்றிக் கல் அடுக்குவதில்லை. பணம் குறைந்தவனுக்கே இவ்வரைவு மிகவும் இன்றியமையாதது. தாளும் பென்சிலும் அன்றி அதற்குச் செலவு இல்லை.

2012இற் படப்பிடிப்புத் தொடங்கிற்று. எடுத்தவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, தாம் கருதியது கைகூடவில்லை என ஆக்கியோர் உணர்ந்தனர். இவ்விடத்திற் பலர், எடுத்தது எடுத்ததே என்று வெளியிட்டுவிடுவர். அவர்களோ திரைக்கதையைத் திருத்தி எழுதி மீண்டும் படமாக்கினர். இரண்டாம் முறைப் படப்பிடிப்பு 2015இல் நிறைவெய்திற்று. அதன்பின் படத்தொகுப்பு, ஒலியமைப்பு, கணினி வழிக் காட்சி வேலை என மேலும் மூன்று ஆண்டுகள் சென்றன.

2018இல் நிகழ்ந்த 75ஆவது வெனிஸ் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்திலே தும்பாட் தொடக்கப் படமாகக் காட்டப்பட்டது. இந்தியாவிற் பாராட்டுப் பெற்றும் முதல் வெளியீட்டிற் பெரும் வருவாய் வரவில்லை. ஒளிப்பதிவு, கலை அமைப்பு, ஒலி வடிவமைப்பு ஆகிய மூன்றிற்கும் பிலிம்பெயர் விருதுகள் கிடைத்தன. பின்னர் ஆண்டுதோறும் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லச் சொல்லப் படத்தின் பெயர் பரவிற்று. 2024 செப்டெம்பர் 13ஆம் திகதி மீண்டும் திரையரங்குகளில் வெளியிட்டபோது முதல் முறையினும் மிகுதியான வருவாய் ஈட்டியது. உண்மையான உழைப்புக்கு உரிய மதிப்புச் சிலவேளைகளிற் காலந்தாழ்த்தியே வருகின்றது என்பதற்கு இது நல்ல சான்று.

மழையும் விளக்கும்

இப்படத்திற் பேயைக் காட்டிலும் முன்னே வந்து நம்மைப் பற்றுவது மழை. தும்பாட்டிலே நிகழும் காட்சிகளிற் பளிச்சிடும் வெயில் இல்லை. கருமேகமும் ஈரச் சுவரும் பாசி படர்ந்த கல்லுமே எங்கும். இதனை ஆக்குதல் எளிதன்று. ஒரு காட்சியின் முற்பாதியை முகிலின் நிழலிலும் பிற்பாதியை வெயிலிலும் எடுத்தால் இரண்டும் பொருந்தமாட்டா. குழாய் நீரால் மழை பெய்விக்கலாம். ஆயின் அடிவானம் வரை வானத்தைக் கருக்க எந்தக் குழாயாலும் இயலாது. ஆதலின் அவர்கள் பருவமழையை நாடிச் சென்று, ஒன்றுக்கு மேற்பட்ட மாரிகாலங்களில் எடுக்க நேர்ந்தது. கொங்கணம், மகாபலேசுவரம் போன்ற மலைப்பாங்கான இடங்களும், புனே நகருக்கு அண்மையிலுள்ள சாஸ்வாட்டின் பழைய பெருமனையும் அவர்களுக்குக் களமாயின.

பங்கஜ் குமார் என்பவர் ஒளிப்பதிவு செய்தார். மனையின் உட்புறக் காட்சிகளிலே பாத்திரம் கையில் ஏந்திய விளக்கே ஒளி தருவது போல அமைத்திருக்கின்றார். விளக்கு அசைந்தால் நிழல் அசைகின்றது. விளக்குப் போகாத மூலை இருளாகவே கிடக்கின்றது. அம்மூலையில் யாது உளது என்பதை நம் மனமே புனைந்துகொள்கின்றது. மின்சாரம் அற்ற இரவுகளிலே குப்பி விளக்கின் முன் பாடம் படித்த என் தலைமுறையினர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. விளக்கின் வட்டத்துக்கு அப்பால் இருப்பதை நாம் நன்கறிவோம்.

ஒலியின் பங்கும் இத்தகையதே. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூடுதல் அரிது. சங்கிலி இழுபடும் ஓசை, நீர் சொட்டும் ஓசை, அதன்பின் திடீரென வரும் அமைதி ஆகியன முகமூடி செய்யாததைச் செய்யும். நம் மாணவரின் படத்திலே பேய் வரும்போதெல்லாம் பேரிசை ஒலித்தது. வரப்போவதை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அச்சம் எவ்வாறு எழும்?

சிறு கைப்பொருளிற் செய்தோர்

‘தும்பாட் எடுத்தோர்க்கு எங்களினும் பன்மடங்கு பணம் இருந்ததே, சேர்’ என மாணவர் கூறலாம். அதுவும் உண்மையே. ஆகவே மிகக் குறைந்த பொருளைக் கொண்டு முயன்றோர் சிலரையும் குறிப்பிடுவேன்.

பம்பாயிலே ராம்சே என்னும் குடும்பத்தினர் வாழ்ந்தனர். தந்தையார் கராச்சியில் வானொலிக் கடை வைத்திருந்தவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையோடு பம்பாய்க்குப் பெயர்ந்தவர். அவருக்கு ஆண்மக்கள் எழுவர். ஒருவர் கதை, ஒருவர் கமரா, ஒருவர் ஒலி, ஒருவர் தொகுப்பு, இருவர் நெறியாள்கை என வேலையைத் தம்முட் பகிர்ந்துகொண்டனர். 1972இல் வெளிவந்த ‘தோ கஸ் ஜமீன் கே நீச்சே’ என்னும் திகிற் படத்தை, மகாபலேசுவரத்தில் விருந்தினர் விடுதி ஒன்றிலே தங்கி, ஏறத்தாழ 40 நாட்களில் எடுத்து முடித்தனர். வீட்டுப் பெண்கள் சமையலையும் ஒப்பனையையும் கவனித்தனர். பெரு நடிகரும் இலர்; பெரிய ஸ்ரூடியோவும் இல்லை. இந்தியாவிலே திகிற்படம் என்றதும் நினைவுக்கு வரும் பெயராக ராம்சே நிலைத்தது அதன் பின்னரே.

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்தில், விளம்பரப் படங்கள் எடுத்துவந்த ஜோர்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் 1967இல் ஆளுக்குச் சிறிது பணமிட்டு ஒரு படம் தொடங்கினர். இடிப்பதற்கென ஒதுக்கியிருந்த பண்ணை வீடே அவர்களுக்குக் களம். படம் கறுப்பு வெள்ளை ஆதலால் இரத்தத்திற்குச் சொக்கலேற்றுக் குழம்பையே பயன்படுத்தினர். 1968 ஒக்டோபர் 1ஆம் திகதி அது திரைக்கு வந்தது. ‘நைற் ஒவ் த லிவிங் டெட்’ என்பது பெயர். உயிர்த்தெழுந்த பிணங்களைப் பற்றிய படங்கள் பலவற்றிற்கு அதுவே முன்னோடியாயிற்று. ஆயினும் ஒரு பிழை நேர்ந்தது. கடைசி நேரத்திற் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய பெயரோடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போயிற்று. அக்குறிப்பு இன்றேல் உரிமையும் இல்லை என்பதே அக்காலத்து அமெரிக்கச் சட்டம். படம் உலகெங்கும் ஓடிற்று. உரிமைப் பணமோ ஆக்கியோர்க்கு முறையாக வந்து சேரவில்லை. கலைஞன் தன் பத்திரங்களையும் கவனித்தல் வேண்டும் என்பதற்கு இக்கதையை மாணவர்க்குச் சொல்வதுண்டு.

தமிழிலும் வழக்கத்தை மீறியோர் உளர். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் 1954இல் ‘அந்த நாள்’ என்னும் மர்மப் படத்தைப் பாட்டும் நடனமும் இன்றி நெறிப்படுத்தினார். 1970இல் வெளிவந்த அவரது ‘நடு இரவில்’, தனித்த வீடொன்றினுள் அகப்பட்ட உறவினர் ஒவ்வொருவராக மடிவதைக் கூறுவது. இசையிற் பெரும் புலவராகிய ஒருவர் பாட்டை விலக்கிப் படம் எடுத்தார் எனில், மௌனத்தின் மதிப்பை அவர் நன்கறிந்திருந்தார் என்றே கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டு நிலை

ஈழத்துத் தமிழ்ப்படத்தின் வரலாறு 1962இல் வெளிவந்த ‘சமுதாயம்’ என்னும் படத்தோடு தொடங்குவது. ‘குத்துவிளக்கு’ (1972), தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) என்பன நம் நிலத்தையும் நம் பேச்சையும் திரைக்குக் கொணர முயன்றவை. தென்னிந்தியாவிலிருந்து வந்த படங்களின் போட்டிக்கு இடையே அவை எடுக்கப்பட்டன. 1983ஆம் ஆண்டு யூலை வன்செயலிலே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாயிற்று. ஆக்குதல் அரிது, ஆக்கியதைக் காத்தல் அதனினும் அரிது என்பதை நம்மினும் நன்கறிந்தோர் யார்?

எனினும் அன்று எவர்க்கும் கிட்டாத வசதி இன்று நம் மாணவர் ஒவ்வொருவரின் கையிலும் உண்டு. படச்சுருள் வாங்க வேண்டுவதில்லை. ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டுவதில்லை. எடுத்ததை அன்றிரவே தொகுத்துப் பார்க்கலாம். களத்திற்கோ குறைவு இல்லை. சீனன்குடாக் காட்டினுள்ளே உலகப் போர்க்காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 வரிசையாய் நிற்கின்றன. 1942 ஏப்பிரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம் இது. கோட்டைச் சுவரும், கோணேசர் மலையின் செங்குத்துப் பாறையும், அதன் அடியில் ஓயாது அலைக்கும் கடலும் உள. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வரும் மாரி கொங்கணத்து மழைக்குத் தோற்றதன்று. நம் நகரிலே கல்விப்பணி ஆற்றிய சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளிவந்த ‘மதங்கசூளாமணி’ என்னும் நூலிலே நாடக இலக்கணத்தையும் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் சேர்த்து ஆராய்ந்தவர். அயல்நாட்டுக் கலையை நம் இலக்கணத்தால் அளந்து நோக்கும் வழியை அவர் அன்றே காட்டிச் சென்றார்.

இரு வினாக்களுக்கும் விடை

மாணவர் வினாவிற்கு யான் கூறிய விடை இதுவே. உங்கள் படத்திற் குறைந்தது காசு அன்று. அப்பேய் எவருடைய பேய் என்பது உங்களுக்கே தெரியவில்லை. அது எங்கிருந்து வந்தது? எதற்காகக் காத்திருந்தது? அதனிடம் அகப்பட்டவன் எதனை இழக்க இருந்தான்? இவற்றுக்கு விடை காணுமுன் கமராவை எடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் முதலில் வரையுங்கள். மாரி வரும்வரை காத்திருங்கள்.

அவர்கள் காத்திருந்தனர். பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதொன்றை மாரிகாலத்தில் எடுத்தனர். அதிலே முகமூடியும் இல்லை, சேலை உடுத்த பேயும் இல்லை. கடற்கரையை அண்டிய ஒரு வீடு. மாலை தோறும் வயது முதிர்ந்த பெண் ஒருத்தி இரு தட்டுகளிற் சோறு இடுகின்றாள். ஒரு தட்டை எவரும் உண்பதில்லை. மழை பெய்யும் ஓரிரவில், பேரன் அரிக்கன் இலாம்போடு எழுந்து வந்து பார்க்கையில், அத்தட்டு வெறுமையாய் இருக்கின்றது. வாசற்கதவு திறந்து கிடக்கின்றது. வெளியே மழையின் ஓசை மாத்திரம். எட்டு நிமிடப் படம்.

அதனை முதலில் வகுப்பறையிலே சிலருக்கு மாத்திரம் காட்டினோம். முன்னர் வினா எழுப்பிய தாயாரும் வந்திருந்தார். படம் முடிந்த பின்னும் எவரும் பேசவில்லை. அவர் மகனைப் பார்த்துக் கூறியது ஒன்றே: “அந்தச் சோத்தைத் திறந்தபடி வைச்சிருக்கிறியள். வாற ஆளுக்கு எண்டால் மூடியெல்லோ வைக்கிறது, தம்பி.”

மாணவர் அக்காட்சியை மறுபடியும் எடுத்தனர். இப்போது தட்டு மற்றொரு தட்டினால் மூடியிருக்கின்றது. பேரன் நடுங்கும் கையால் மூடியைத் தூக்கிப் பார்க்கவேண்டியிருக்கின்றது. படத்தின் அச்சம் முழுவதும் இப்போது அந்த ஒரு கணத்திலே தங்கிநிற்கின்றது. நெறியாள்கைக் கல்லூரி எதுவும் கற்பிக்காத அந்நுட்பத்தைக் காத்திருந்த ஒருவரே கற்பித்தார்.

அத்தாயார் முன்பு கேட்ட வினாவிற்கு யான் விடை கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் எழவில்லை. இங்கு படிப்போர் பொருட்டு அதனை எழுதுகின்றேன். வாழ்விற் பட்ட அச்சம் நம்மைத் தனித்தனியே பிரித்தது. எவரும் எவரிடமும் சொல்லாமல் அவரவர் வீட்டிலே அதனை மூடி வைத்தனர். கலையிற் காணும் அச்சமோ பலரும் ஒருங்கிருந்து காண்பது. ஓர் எல்லையில் முடிவது. முடிந்தபின் பேச இடந்தருவது. வெறும் நடுக்கத்தோடு நிற்கும் படத்திற்கு அத்தாயாரின் வினா என்றும் பொருந்தும். சார்ங்கலனுக்குப் பின் கோதமையைக் காட்ட வல்ல படத்திற்கு அது பொருந்தாது.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் நன்னிலையில் இருக்கின்றீர்கள். கல்லூரிக்கு உதவ விரும்புவோர் கட்டடத்தையும் விளையாட்டரங்கையும் நினைப்பது இயல்பே. அவற்றோடு, நல்லதோர் ஒலிவாங்கியையும், தொகுப்பு வேலைக்குரிய கணினி ஒன்றையும், எடுத்த படங்களைப் பழுதுறாது சேமித்து வைக்கும் ஏற்பாட்டையும் நினைவிற் கொள்வீர்களாக. அவற்றினும் மேலாக, நீங்கள் இளமையிற் கேட்ட கதைகளை எழுதி அனுப்புங்கள். துறைமுகத்துக் கதை, குண்டு விழுந்த நாளின் கதை, திரும்பி வராத தோணியின் கதை, எதுவாயினும் ஆகுக. கதை கேட்ட ஒரு சிறுவன் 25 ஆண்டுகள் அதனை மனத்திற் சுமந்து படமாக்கினான். நம் வகுப்பறையிலும் அத்தகைய சிறுவன் ஒருவன் இருக்கக்கூடும். அவனுக்குக் கதை சொல்வோர்தாம் வேண்டும்.